சுக்கு வழக்கு

எங்கள் ஊரில் கடை திறப்பதற்கு முன்பே அந்தக் கடையின் வழக்கை நடத்தி முடித்துவிட வேண்டும். மற்ற ஊர்களில் முதலில் ரிப்பன் வெட்டி, லட்டு கொடுத்து, கூட்டாளிகள் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு, அப்புறம் கோர்ட்டுக்கு ஓடுகிறார்கள். வியாபாரம் சூடுபிடிக்கிற நேரத்தில் ஷட்டரில் சீல் விழுகிறது. எங்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. கூட்டாளிகள் முதலில் சண்டை போடுவார்கள். வழக்கு நடக்கும். தீர்ப்பு வரும். சொத்தைப் பிரித்துக்கொள்வார்கள். பிறகு கடையைத் திறப்பார்கள். கடையின் நெற்றியில் 'வழக்கு முடிந்தது' என்று ஒரு பலகை தொங்கும். அது தொங்காத கடையில் எங்கள் ஊர்க்காரன் ஒரு தீப்பெட்டிகூட வாங்கமாட்டான்.

அதனால் நானும் திருமேனியும் பருத்திப்பால் கடை போடுவதென்று முடிவானதும், வக்கீல் அமலோற்பவம் அம்மாவிடம் ஆலோசனை கேட்கப் போனோம்.

என்னை ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாயழகு என்றால் தெரியாவிட்டாலும் 'அந்தக் கத்துற ஆளு' என்றால் வீட்டைக் காட்டுவார்கள். பழைய பாட்டில், எலுமிச்சை மூட்டை, கழித்துக்கட்டின சைக்கிள் டயர் என்று தெருத்தெருவாக நின்றபடியே விற்று முன்னுக்கு வந்தவன். எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம் பேரம் பேசி, கொடுத்த காசுக்கு ஒரு ஸ்டாப் கூடுதலாகப் போய் இறங்கியிருக்கிறேன். இறங்கின இடத்தில் எனக்கு வேலை இல்லை என்பது வேறு விஷயம். இத்தனை வருஷம் நின்றாயிற்று. இனிமேல் சொந்தக் கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்ய வேண்டும் என்பது ஒன்றுதான் என் ஆசை. மதுரை பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு ரூம் பேசி வைத்திருந்தேன். அந்த ரூமுக்காக ஒரு செருப்புக்கடைக்காரரும் காத்திருந்தார்.

திருமேனி மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையிலேயே அடுப்பு மூட்டிப் பருத்திப்பால் காய்ச்சிச் சிநேகிதர்களுக்கு ஊற்றுவான். அதைக் குடித்தவன் அன்றைக்கு முழுக்க யாரிடமும் சண்டை போடமாட்டான். நானே போட்டதில்லை.

வக்கீலம்மாவின் ஆபீஸ் பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. கீழே யாராவது குடத்தைத் தட்டிப் பார்த்தால் மேலே சட்டப் புத்தகங்கள் அதிரும்.

"எதுல சண்டை போடலாம்னு இருக்கீங்க?" என்று கேட்டார்.

"எதுல போட்டா சீக்கிரம் முடியும்?"

"கணக்குல போட்டா இழுக்கும். சம்சாரத்து வழிச் சொந்தத்த உள்ள கொண்டுவந்தா இன்னும் இழுக்கும். கல்லாவுல யாரு உக்காருறதுன்னு போடுங்க. முக்காவாசிப் பேரு அதுலதான் போடுறாங்க."

"கல்லாவுல மாயழகே உக்காரட்டும்மா," என்றான் திருமேனி. "எனக்கு அடுப்புப் பக்கந்தான் தோது."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவர வச்சுக்கிட்டு நான் எப்படிங்க வழக்கு நடத்துறது?"

"கத்துறதுக்கு நான் இருக்கேன்ல?"

"சண்டை நெசமா இருக்கணும். ரெண்டு பக்கமும் இருக்கணும். கோர்ட்லேருந்து அமீனா வந்து பார்ப்பாரு. கடை திறக்கிறதுக்காகப் போட்ட பொய்ச் சண்டைன்னு தெரிஞ்சா, தீர்ப்பு வந்த பெறகுகூட ரத்தாயிரும். அந்த ரூம்ல நீங்க ஆயுசுக்கும் கடை வைக்க முடியாது."

பீஸில் பேரம் பேசினேன். ஒத்துக்கொண்டார். பீஸைக் குறைத்தார். அதற்குத் தக்கபடி ஆலோசனையிலும் ஒரு வரியைக் குறைத்துக்கொண்டார். எந்த வரி என்று நான் கேட்கவில்லை. குறைந்தது குறைந்ததுதானே என்று சந்தோஷமாக மாடியிறங்கினேன்.

அமீனா சீனி ராவுத்தர் மறுநாளே வந்துவிட்டார். திருமேனியின் பட்டறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "நடக்கட்டும்" என்றார்.

நான் ஆரம்பித்தேன். "டேய் கூறுகெட்டவனே!"

"சொல்லு மாப்ள," என்றான் திருமேனி.

"நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"நானும் அத யோசிச்சிருக்கேன் மாப்ள."

"ஒன்ன நம்பி எவனாவது கடை வைப்பானா?"

"நீதான் வைக்கப் போற."

கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினேன். தெருவில் போன ஆட்டோக்காரர் நிறுத்தி, "கடை எப்பண்ணே திறக்கிறீங்க?" என்று சந்தோஷமாகக் கேட்டுவிட்டுப் போனார். சீனி ராவுத்தர் மட்டும் தலையை ஆட்டினார்.

"ஒருத்தர் கத்துனா அது சண்டையில சேராதுங்க. அது சத்தம். சத்தத்துக்கு நான் அறிக்கை கொடுக்க முடியாது."

இப்படியே வாய்தா வாய்தாவாகப் போனது. திருமேனி ஒரு தடவைகூடத் திருப்பி ஏசவில்லை. என் வீட்டுக்காரி பஞ்சவர்ணமே பட்டறைக்கு வந்து கெஞ்சிப் பார்த்தாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர ஒரு வார்த்த நல்லா வைங்களேன். வையிறதுக்கு இல்லாத ஆளா அவரு? அவரு மூஞ்சியப் பார்த்தாலே எனக்குத் தன்னால வருது."

"எனக்கு வாய் வரமாட்டேங்குது தங்கச்சி."

"நான் வேணா எழுதித் தரட்டுமா?"

செருப்புக்கடைக்காரர் ரூம் வாசலில் நின்று நீள அகலம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சேதி வந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. திருமேனி சுக்கு இடித்துக்கொண்டிருந்தான். சீனி ராவுத்தர் டம்ளரோடு காத்திருந்தார். நான் உரலுக்குள் எட்டிப் பார்த்தேன். பேரம் பேசுகிறவனுக்கு எந்தச் சாமானைப் பார்த்தாலும் பாதிதான் முதலில் வாயில் வரும்.

"எதுக்குடா இவ்வளவு சுக்கு? பாதி போட்டாப் பத்தாதா?"

உலக்கை நின்றது.

"என்ன சொன்ன?" என்றான். மாப்ள என்ற வார்த்தையைக் காணோம்.

பிடி கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. விடுவேனா?

"பாதி போதும்னு சொன்னேன். குடிக்கிறவன் என்ன நாக்குல தராசா வச்சிருக்கான்?"

"பாதிச் சுக்குல காய்ச்சுறதுக்கு வெந்நி வச்சு விக்கலாம். பருத்திப்பால்னு பேரு வைக்காத."

"பெரிய ஆளுடா நீ! காயில் கட்டுற கைக்கு இவ்வளவு கிராக்கியா?"

"என் கைக்கு ருசி தெரியும். ஒன் நாக்குக்கு வெல மட்டுந்தான்டா தெரியும். கல்யாண வீட்டுல எலையில உக்காந்துக்கிட்டே இந்தப் பாயாசம் என்ன அடக்கம்னு கேட்ட ஆளு நீ!"

அது நடந்ததுதான். இவ்வளவு நாள் அதை மனதில் வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் பேசியது வழக்குக்காகப் பேசியது இல்லை. அவனும் விடவில்லை. உலக்கையை நடுவில் போட்டுவிட்டு இரண்டு பேரும் நெஞ்சோடு நெஞ்சு முட்டிக்கொண்டு நின்றோம்.

சீனி ராவுத்தர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து வந்து இருவருக்கும் கைகொடுத்தார்.

"முதல் தரமான சண்டை. மனசு நெறஞ்சுபோச்சு."

வீட்டுக்கு வந்தால் பஞ்சவர்ணம் கேசரி கிண்டியிருந்தாள். எதிர்வீட்டில் வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். நான் கேசரித் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டேன்.

வழக்கு நன்றாக நடந்தது. முன்சீப் இரண்டு பக்கமும் கேட்டார். அமீனாவின் சாட்சியத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கடையைப் பிரிக்க உட்கார்ந்தோம். இன்னும் திறக்காத கடைதான். ஆனாலும் டவாலி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, அது அது வந்து மேஜைமேல் நின்றது. அடுப்பு வந்தது. அண்டா வந்தது. கரண்டி, பெயர்ப்பலகை, பெஞ்சு.

பங்கு பிரிக்கிறபோது பேரம் பேசாமல் இருக்க எனக்குத் தெரியாது. அடுப்பை வாங்கினேன். அண்டா அடுப்பைவிட்டு இருக்காது என்று சொல்லி அதையும் வாங்கினேன். பஸ்ஸில் வந்து இறங்குகிற கிராக்கி எனக்கு, பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் திருமேனிக்கு என்று முன்சீப் சொன்னார். தவறவிட்டவன் அடுத்த பஸ்ஸில் ஏறத்தானே போகிறான், ஆகவே அவனும் பஸ் கிராக்கிதான் என்றேன். முன்சீப் யோசித்து ஒத்துக்கொண்டார். பருத்திப்பாலின் ஆவி யாருக்கு என்று கேள்வி வந்தது. ஆவி வீதிப் பக்கம் போகும், வீதிப் பக்கம் என் கல்லா இருக்கிறது, ஆகவே ஆவி என்னுடையது என்றேன். ஈக்களைக்கூட விடவில்லை.

"பிரதிவாதிக்கு ஏதாவது வேணுமா?" என்று முன்சீப் கேட்டார்.

திருமேனி என் பக்கம் திரும்பாமலே சொன்னான். "ருசி மட்டும் எங்கிட்ட இருக்கட்டுங்கய்யா."

கண்ணுக்குத் தெரியாத சரக்கு. எடை கிடையாது, அளவு கிடையாது. போனால் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். வெளியே வந்து சோடா வாங்கிக் குடித்தேன். ஜெயித்தவனுக்குத் தாகம் எடுக்கும்.

கடை திறந்தேன். பலகை தொங்கியது. கல்லாவில் உட்கார்ந்தேன். அடுப்புக்கு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தேன். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பாலெடுத்து, கருப்பட்டி போட்டு, சுக்கையும் திருமேனி போடுகிற அளவுக்குத் துளியும் குறைக்காமல் போட்டோம். வந்தவர்கள் குடித்தார்கள். குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தார்கள்.

ருசி இல்லை. கசப்பும் இல்லை, இனிப்பும் இல்லை, காரமும் இல்லை. சட்டப்படி அது திருமேனியிடம் இருந்தது.

யாரும் குறை சொல்லவில்லை. தீர்ப்பை மதிக்கிற ஊர். "நல்ல சூடு இருக்குண்ணே," என்றார் ஒருவர். "நெறம் அருமை," என்றார் இன்னொருவர். காசைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. சுக்கை இரண்டு மடங்காக்கினேன். மூன்று மடங்காக்கினேன். மூக்கில் நெடி ஏறியது, நாக்குக்கு எதுவும் வந்து சேரவில்லை. ஈக்கள்கூட வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போயின. என் ஈக்கள். செருப்புக்கடைக்காரர் தினமும் எதிர்ப்பக்கம் வந்து நின்றுகொண்டு என் கடையின் அகலத்தைக் கண்ணால் அளந்தார். இப்படியே போனால் நான் மறுபடி தெருவில் நிற்க வேண்டியதுதான்.

மறுபடி வக்கீலம்மாவிடம் போனேன். மாடிப்படி ஏறும்போதே கத்தத் தொடங்கிவிட்டேன்.

"என்ன ஆலோசனை சொன்னீங்க நீங்க? ருசிய விட்டுராதன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"வச்சிருந்தேன்," என்றார் வக்கீலம்மா அமைதியாக. "'பிரிக்கும்போது எல்லாத்தையும் ஜெயிச்சிராதீங்க.' பீஸக் குறைச்சப்போ நான் எடுத்து வச்ச வரி அதுதான்."

இழுப்பறையைத் திறந்து காட்டினார். அந்த வரி உள்ளே மடிப்புக் கலையாமல் இருந்தது.

"இப்ப என்ன செய்யலாம்?"

"அவரு மனசு வச்சு வந்து அடுப்புல நின்னா ருசியும் கூட வந்துரும். ஆனா ஒண்ணு. அவர சமாதானப்படுத்துறேன்னு, சுக்குப் பேச்சு சும்மா வழக்குக்காகப் பேசுனதுன்னு மட்டும் சொல்லிறாதீங்க. அப்படிச் சொன்னா அது பொய்ச் சண்டை. தீர்ப்பு ரத்து. கடை போச்சு."

பட்டறைக்குப் போனேன். திருமேனி ஒரு மோட்டாரைத் திறந்து வைத்துக்கொண்டு செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கடை எப்படிப் போகுது?" என்று கம்பியைப் பார்த்துக் கேட்டான்.

"சூடா இருக்குன்னு சொல்றாங்க."

அவன் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பை அடக்கினான் என்று நினைக்கிறேன். பிறகு எழுந்து அடுப்பிலிருந்து ஒரு டம்ளர் பருத்திப்பாலை ஊற்றி என் முன்னால் வைத்தான்.

"ஒண்ணு கேப்பேன். நெசத்தச் சொல்லணும். அன்னைக்குப் பாதிச் சுக்கு போதும்னு சொன்னியே. வழக்கு நடக்கணும்னு சொன்னியா, நெனச்சுத்தான் சொன்னியா?"

வழக்குக்காக என்று சொன்னால் கடை போய்விடும். நினைத்துச் சொன்னேன் என்றால் இவன் போய்விடுவான் என்று பயமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு விலை இருக்குமா என்று பழக்கதோஷத்தில் தேடினேன். இல்லை. டம்ளரை எடுத்துக் குடித்தேன். இத்தனை நாள் கழித்து நாக்கில் ருசி விழுந்தது. கருப்பட்டி முதலில் வந்தது, பின்னாலேயே சுக்கு வந்தது, தொண்டையைப் பிடித்தது, காது சூடானது, கண்ணில் தண்ணீர் முட்டியது. கடைசிச் சொட்டுவரை குடித்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் குறைக்கலாம்டா," என்றேன்.

திருமேனி என்னை நன்றாகப் பார்த்தான்.

"எவ்வளவு?"

"பாதி வேணாம். ஆனா கொஞ்சம் குறைக்கலாம். என்னைய அடிச்சாலும் அதத்தான் சொல்லுவேன்."

"அப்ப நெசமான சண்டைதான்," என்றான். அவன் முகம் தெளிந்தது. "என் சுக்க வச்சு என்னையவே கொக்கி போட்டு இழுத்துட்டியோன்னு நெனச்சேன். அதுதான் மனசுக்குள்ள அறுத்துக்கிட்டே இருந்துச்சு. ஒனக்கு ருசி தெரியலைங்கிறது புதுசா என்ன? அது எனக்கு மொதல்லேருந்தே தெரியும்."

"யாருக்குடா ருசி தெரியல?"

"ஒனக்குத்தான்."

"பல்லப் பேத்துருவேன்!"

"பேத்துப் பாரு பாப்பம்!"

மறுபடி நெஞ்சோடு நெஞ்சு வந்துவிட்டோம். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது.

இரண்டு பேருமாக வக்கீலம்மாவிடம் போய் நிலைமையைச் சொன்னோம். மனதில் வருத்தம் இல்லை, ஆனால் சண்டை இருக்கிறது, முன்பைவிடத் திடமாக இருக்கிறது என்றோம். சண்டை ஓய்ந்திருந்தால் பரவாயில்லை, அது உயிரோடு இருக்கிறவரை வாதியும் பிரதிவாதியும் ஒரே அடுப்பில் நிற்கச் சட்டத்தில் இடமில்லை என்றார் வக்கீலம்மா. பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து விசாரித்தார். எங்கள் சண்டை நன்றாகச் சாப்பிடுகிறதா, இரவில் யார் வீட்டில் இருக்கிறது, சொன்னால் கேட்கிறதா என்றெல்லாம் கேட்டார்.

"ஒங்க சண்டை மேஜராயிருச்சு," என்றார் கடைசியில். "இனிமே அத நீங்க ரெண்டு பேரும் வச்சுப் பராமரிக்க வேண்டியதில்ல. ஒரு பங்கக் கொடுத்துத் தனிக்குடித்தனம் வச்சிருங்க."

இந்தத் தடவை பீஸில் நான் வாயைத் திறக்கவில்லை. வரிகள் எல்லாம் முழுசாகக் கிடைத்தன.

கோர்ட்டில் டவாலி கூப்பிட்டதும் எங்கள் சண்டை வந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது. ஜாடையில் திருமேனி, நடையில் நான். முன்சீப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது.

"என்னப்பா வேணும் ஒனக்கு?" என்றார் முன்சீப்.

"பாதிச் சுக்குங்கய்யா," என்றது சண்டை. "அப்புறம் சாயங்காலக் கிராக்கி."

சுக்கில் எனக்கு ஆட்சேபனை இல்லை. சாயங்காலக் கிராக்கியைக் கொடுக்க முடியாது என்று எழுந்தேன். என் கைவசம் இருந்த பேரம் அத்தனையையும் எடுத்து விட்டேன். கத்தினேன். போகிற மாதிரி வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். அது கேட்டுக்கொண்டே நின்றது. எனக்கு இருக்கிற பிடிவாதமும் திருமேனிக்கு இருக்கிற பொறுமையும் சேர்ந்த ஒருவரிடம் நான் அதுவரை பேரம் பேசியதில்லை. கடைசியில் சாயங்காலக் கிராக்கியோடு கொஞ்சம் ஆவியையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் தோற்ற முதல் பேரம் அது. திருமேனி என் காதோரம் குனிந்து, "நம்ம புள்ள கெட்டிக்காரன்டா," என்றான்.

வாதிக்கும் பிரதிவாதிக்கும் இனி இந்தச் சண்டையோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று முன்சீப் தீர்ப்புச் சொன்னார். மறுநாள் காலையில் திருமேனி கடைக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, "மாப்ள, கரண்டிய எடு," என்றான். முதல் டம்ளரைக் குடித்த பஸ் டிரைவர் ஹாரன் அடித்து மற்ற டிரைவர்களைக் கூப்பிட்டார். நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். கால் மேல் கால் போட்டிருந்தேன்.

சண்டை எங்களுக்கு எதிர்ப்பக்கத்திலேயே பருத்திப்பால் கடை போட்டிருக்கிறது. பாதிச் சுக்குதான். சாயங்காலம் நல்ல கூட்டம். எங்களிடம் சில்லறை தீர்ந்துபோனால் நான் தெருவைக் கடந்து போய்க் கேட்பேன். எண்ணிக் கொடுக்கும், மரியாதையாகத்தான் பேசும். அதற்குப் பெண் அமைந்துவிட்டது என்று நேற்று பஞ்சவர்ணம் சொன்னாள். திருமங்கலத்தில் நல்ல குடும்பமாம், பெண் டீச்சராம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களாக நானும் திருமேனியும்தான் முன்வரிசையில் உட்கார வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே துணியில் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறோம்.